சுற்றுச்சுவருக்கு இந்தப் பக்கம்

நெடுங்காலம், சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம், செங்கல்பட்டு, காஞ்சிபுரம் என்று சுற்றிக்கொண்டு வரும் மின்சார ரயில் திருமால்பூரோடு நின்றுவிடும். 'திருமால்பூர் லோக்கல்' என்றே அதற்குப் பெயர் விழுந்துவிட்டது. வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. திருமால்பூர் ஒரு பழைய சிவன் கோவிலும் சுற்றிலும் வயலுமாக உள்ள கிராமம். அதைத் தாண்டினால் தக்கோலம், மேல்பாக்கம். பிறகு அரக்கோணம் சந்திப்பு. 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடிய தடத்தில் இருக்கும் ஊர். அவ்வளவு பெரிய சந்திப்பு எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருக்க, மின்கம்பி மட்டும் ஏன் வயல் நடுவில் முடிந்துபோனது?

தண்டவாளம் கடற்படை விமான தளத்தின் ஓடுபாதையை ஒட்டிப் போனதுதான் காரணம். மேலே கம்பி இழுத்தால் இறங்கும் விமானத்துக்கு இடைஞ்சல். கடைசியில் தண்டவாளத்தையே வளைத்து வேறு வழியாகக் கொண்டுபோய் அரக்கோணத்தில் சேர்த்தார்கள். 2019-ல் கடற்கரையிலிருந்து கிளம்பிக் கடற்கரைக்கே திரும்பும் வட்ட ரயில் ஓடத் தொடங்கியது. இன்று அந்த ரயிலில் போகும் கல்லூரிப் பிள்ளைகள் யாருக்கும் தாங்கள் வளைவில் போகிறோம் என்று தெரியாது. அவர்களுக்கு அதுதான் நேர்ப்பாதை.

திருமால்பூரில் நின்று யோசிக்க இன்னொன்றும் இருக்கிறது. திருமால் தன் சக்கரம் மழுங்கிப்போக, புதிதாக ஒன்று வேண்டிச் சிவனை ஆயிரம் தாமரை கொண்டு பூசித்த இடம் இது என்கிறது தலபுராணம். ஒரு பூ குறைந்தபோது தன் கண்ணையே எடுத்து வைத்தாராம். ஆயுதக் கொள்முதல் அந்தக் காலத்திலேயே செலவு பிடித்த காரியம்தான்.

ராணுவத் தளத்துக்குப் பக்கத்தில் வாழ்கிறவர்கள் தளத்தைப் பார்ப்பதில்லை. சுவரைப் பார்க்கிறோம், சுவரின் மேல் முள்கம்பியைப் பார்க்கிறோம், கோபுரத்தில் நிற்கும் காவலரைப் பார்க்கிறோம். மற்றபடி நாங்கள் அறிந்தவை வளைவுகள்தான். ரயில் வளைகிறது, சாலை வளைகிறது, மாடி எழுப்ப நினைப்பவர் தடையின்மைச் சான்றுக்கு அலைகிறார், கல்யாண வீடியோ எடுப்பவர் டிரோனைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு வருகிறார். இப்படி வளைந்து பழகிய ஊர்கள் எதை மறந்துபோகின்றன என்பதுதான் கொஞ்ச நாளாக என் மண்டையைக் குடைகிறது.

ஐ.என்.எஸ். ராஜாளி என்ற பெயரில் இந்தத் தளம் 1992 மார்ச் 11 அன்று குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் கையால் தொடங்கிவைக்கப்பட்டது. நாலு கிலோமீட்டருக்கு மேல் நீளும் அதன் ஓடுபாதை ஆசியாவின் நீளமான ராணுவ ஓடுபாதைகளில் ஒன்று. பத்து மாதங்களுக்கு முன்னால்தான், 1991 மே 21-ல், இதே வட்டாரத்து ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டிருந்தார். வாடகைக்கு வீடு கேட்டு வருகிறவர் எந்தத் தமிழ் பேசுகிறார் என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்ட காலம் அது. அந்தச் சூழலில் திறந்த தளம் என்பதால், சுவரைப் பற்றிக் கேள்வி கேட்கும் பழக்கம் ஊரில் முளைக்கவேயில்லை.

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் தறி வைத்திருக்கும் என் பெரியம்மாவுக்கு மட்டும் ஒரு சந்தேகம் தீரவே இல்லை. "ஏன்டா, உங்க ஊர்ல கடலே கிடையாது, கப்பலும் கிடையாது. அப்புறம் இன்னாத்துக்குக் கப்பற்படை?" என்பாள். தரையில் இருக்கும் தளத்தையும் கப்பல் என்றே பெயரிட்டுக் கணக்கில் வைப்பது கடற்படையின் மரபு என்று ஒருமுறை சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போ நீங்கள்லாம் கரையா?" என்றாள். பட்டில் கரை பிரித்த கண்ணுக்கு எதிலும் ஓரம் தெரிந்துவிடும் போலிருக்கிறது.

அந்தக் 'கப்பல்' 1992-ல் வானத்திலிருந்து குதித்ததல்ல. ஓடுபாதை இரண்டாம் உலகப் போர்க் காலத்தது. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பிலும் திருகோணமலையிலும் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டன. மதராஸ் பட்டணம் அரண்டு காலியானது. கடற்கரையிலிருந்து உள்வாங்கி விமானத் திடல்கள் வேண்டும் என்று முடிவானது. சோழவரம், உளுந்தூர்பேட்டை, கயத்தாறு, செட்டிநாடு என்று வயலிலும் மேட்டிலும் திடல்கள் முளைத்தன. அரக்கோணமும் அந்த வரிசையில் ஒன்று. போர் முடிந்ததும் பல திடல்கள் சும்மா கிடந்தன. சோழவரத்தில் கார்ப் பந்தயம் விட்டார்கள். அரக்கோணம் மட்டும் பிற்பாடு கடற்படைக்குப் பொருத்தமாக அமைந்தது.

இதை ஊரில் யாரிடம் கேட்டாலும் ஒரே வாக்கியம்தான் கிடைக்கும்: "வெள்ளைக்காரன் காலத்துல போட்டது." அதோடு பேச்சு முடிந்துவிடும். அந்த நாலு கிலோமீட்டரில் என்ன விளைந்தது, எந்த வாய்க்கால் எந்தப் பக்கம் ஓடியது, யாருடைய களம் எங்கே இருந்தது என்ற பேச்சே எழாது. மலையும் ஏரியும்போல ஓடுபாதையும் ஆதியிலேயே இருந்த ஒன்றாகிவிட்டது. ஒரு நிலம் கைமாறியதை ஊர் மறந்து, அதை இயற்கையின் பகுதியாக எடுத்துக்கொள்ள இரண்டு தலைமுறைகூட ஆகவில்லை.

பார்க்காத தளத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டோம். முதல் கால் நூற்றாண்டில் இங்கே பறந்தது ரஷ்யத் தயாரிப்பான டியூ-142. நாலு எஞ்சின், ஒவ்வொரு எஞ்சினிலும் எதிரெதிராகச் சுற்றும் இரண்டு விசிறிகள். அது வரும்போது முதலில் சத்தம் கேட்காது. தண்ணீர்ச் சொம்பு அதிரும். பிறகுதான் ஓசை வரும். வகுப்பில் ஆசிரியர் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பார்; வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தவன் நிறுத்திய எண்ணிலிருந்து மறுபடி தொடங்குவான். 2013-ல் அமெரிக்காவிலிருந்து பி-8ஐ வந்து சேர்ந்தது. 2017 மார்ச் 29-ல் டியூ-142-க்கு இங்கேயே விடை கொடுத்தார்கள். பி-8ஐ, போயிங் 737 பயணிகள் விமானத்தின் உடம்பில் கட்டியது. அண்ணாந்து பார்த்தால் மும்பைக்கோ டெல்லிக்கோ போகிற விமானம் மாதிரிதான் இருக்கும். சத்தமும் அந்த அளவுதான். நீர்மூழ்கிகளைத் தேடும் விமானம் விடுமுறைக்கு ஊர் போகிறவர்களின் தோற்றத்தில் தலைக்கு மேல் போய்வருகிறது. டோக்லாமிலும் லடாக்கிலும் சீனாவோடு முறைத்துக்கொண்ட நாட்களில் இந்த வகை விமானங்கள் இமயமலைவரை போய் வேவு பார்த்தன என்பதைச் செய்தித்தாளில்தான் படித்தோம். பக்கத்து வீட்டுக்காரர் எங்கே வேலை செய்கிறார் என்பதைப் பேப்பர் பார்த்துத் தெரிந்துகொள்ளும் உறவு எங்களுடையது.

ஹெலிகாப்டர்கள் வேறு ஜாதி. கடற்படையின் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி இங்கேதான் இருக்கிறது. கற்றுக்கொள்கிறவர்கள் என்பதால் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றுவார்கள். 2024 ஜூனில் அனாமிகா ராஜீவ் இந்தப் பள்ளியில் தேறி, கடற்படையின் முதல் பெண் ஹெலிகாப்டர் விமானி ஆனார். தலைக்கு மேல் வட்டமடித்துப் படித்துக்கொண்டிருந்தவர்களில் அவரும் ஒருவர் என்று தெரிந்தபோது, எங்கள் தெருப் பெண்பிள்ளைகள் கொஞ்ச நாள் ஒவ்வொரு ஹெலிகாப்டருக்கும் கை காட்டினார்கள்.

சுவர் ஒரே ஒருமுறைதான் ஊருக்குத் திறந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு பெருகி மீனம்பாக்கத்தின் ஓடுபாதை மூழ்கியது. விமான நிலையம் சில நாட்கள் மூடிக்கிடந்தது. அப்போது பயணிகள் விமானங்கள் ராஜாளியில் இறங்கி ஏற அனுமதித்தார்கள். சென்னையிலிருந்து கிட்டத்தட்ட எழுபது கிலோமீட்டர் வந்து, ஈரப் பெட்டிகளோடு துபாய்க்கும் டெல்லிக்கும் போக வேண்டியவர்கள் அரக்கோணத்தில் நின்றார்கள். நாங்கள் இருபது வருஷத்துக்கு மேல் சுவருக்கு வெளியே சுற்றிய இடத்துக்குள், ஊர் பெயரையே அன்றுதான் கேள்விப்பட்டவர்கள் டிக்கெட்டைக் காட்டிவிட்டுப் போனார்கள். யாருக்கும் கோபம் வந்ததாக நினைவில்லை. டீக்கடைக்காரர்கள் மட்டும் நாலு நாளில் நாலு மாதம் சம்பாதித்தார்கள். அப்புறம் கதவு மூடிக்கொண்டது.

மற்றபடி அரக்கோணத்தின் பெயர் தமிழ்நாடு முழுக்க ஒலிப்பது புயல் காலத்தில். 'அரக்கோணத்திலிருந்து தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் விரைந்துள்ளனர்' என்ற வரி இல்லாமல் ஒரு புயல் செய்தியும் முடியாது. அந்தப் படையின் நான்காம் பட்டாலியன் தக்கோலத்துப் பக்கம், மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையின் பயிற்சி வளாகத்தில் இருக்கிறது. கடலூருக்கும் நாகைக்கும் வயநாட்டுக்கும் போகும் அந்த ஆரஞ்சுச் சட்டைக்காரர்களை அங்குள்ளவர்கள் கும்பிடுகிறார்கள். இங்கே அவர்கள் லாரியில் கடந்துபோகும் ஆட்கள், அவ்வளவுதான்.

ஊர் வளர்ந்திருக்கிறது, சந்தேகமில்லை. தளத்தால் வளர்ந்தது என்று மனை விற்பவர்கள் சொல்வார்கள். நான் நம்புவதில்லை. தளம் கொடுத்தது வாடகை. நேவிக் குடும்பம் என்றால் வீட்டுக்காரருக்குத் தனிப் பிரியம்: ஒன்றாம் தேதி சம்பளம், இரண்டு மூன்று வருஷத்தில் மாற்றல், காலி செய்ய மாட்டேன் என்ற தகராறு கிடையாது. புல் வெட்டவும் பெருக்கவும் சமைக்கவும் ஒப்பந்தத்தில் கொஞ்சம் பேருக்கு வேலை. கல்யாணத்துக்கு முதல் நாள் எங்கிருந்தோ வந்து சேரும் மிலிட்டரி சரக்கு. ஊரை உண்மையில் பெருக்கியது கிழக்கே இருங்காட்டுக்கோட்டையிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் வந்த கார் கம்பெனிகளும் அவற்றுக்கு உதிரி பாகம் செய்யும் கம்பெனிகளும். விடிவதற்கு முன் முக்குக்கு முக்கு கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் நீலச் சட்டைகள்தான் இந்த வட்டாரத்தின் வளர்ச்சி. அவர்களை நம்பித்தான் வயலில் கல் நட்டு மனை போடுகிறார்கள், பிரியாணிக் கடை திறக்கிறார்கள், செல்போன் கடையில் தவணைக்குக் கொடுக்கிறார்கள்.

பிள்ளையார்பாளையத்துக்கும் இந்த பஸ்தான் எமன். கோர்வைச் சேலைக்கு உடலும் கரையும் தனித்தனி நிறம்; மூன்று நாடா ஓட வேண்டும். தறியில் உட்காரும் நெசவாளருக்குப் பக்கத்தில் கரைப்பக்க நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் கட்டாயம் வேண்டும். முன்பு அது வீட்டுப் பையனோ எடுபிடிப் பையனோ. பையன் படிக்கப் போனது நல்லது. படித்தவன் பஸ் ஏறிக் கம்பெனிக்குப் போனான். இரண்டாவது ஆள் இல்லாமல் கோர்வை எப்படி நடக்கும்? பெரியப்பாவின் தறி கடைசிக் காலத்தில் கோர்வையை விட்டுவிட்டு ஒற்றை ஆள் நெய்கிற சேலைக்கு மாறியது. 2005-ல் காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "குறியீடு கொடுத்தவங்க ஒரு ஆளையும் கொடுப்பாங்களா?"

அந்தக் குழித்தறிச் சேலைகளை வாங்குகிறவர்களில் ராஜாளிக் குடும்பங்களும் உண்டு. மாற்றலாகிப் போகும் முன் காஞ்சிபுரம் காந்தி ரோட்டுக்குப் போய் இரண்டு பட்டு எடுப்பது அவர்களுக்கு ஒரு சடங்கு. வடக்கத்தி எண் பலகையோடு கார் ஊருக்குள் நுழைந்தால் புரோக்கர் பைக்கில் பின்தொடர்ந்து வந்து, கடையில் கற்ற இந்தியில் வரவேற்பார். தளத்தையும் தறியையும் சேர்க்கும் நூல் அது ஒன்றுதான். அதன் கமிஷனும் இடையில் நிற்பவருக்கு.

விடியலில் நீலச் சட்டைகளோடு கூடவே இன்னொரு கூட்டத்தையும் காஞ்சிபுரம் சாலையில் பார்க்கலாம். 1.6 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு நேரம் வைத்து ஓடிப் பழகும் பையன்கள். பழைய வேலூர் மாவட்டத்துக்குப் படையில் சேரும் பழக்கம் நீண்டது. கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே பட்டப்பெயர். எங்கள் பக்கத்துப் பையன்களும் ஓடுகிறார்கள். ஆனால் 2022-ல் அக்னிபத் வந்தபின் அவர்கள் வீடுகளில் கணக்கு மாறிவிட்டது. பதினேழு வருஷம், பென்ஷன், ஊருக்குத் திரும்பி ஒரு வீடு என்பது பழைய கணக்கு. நாலு வருஷம், கையில் ஒரு தொகை, அதற்குப் பிறகு கம்பெனியில் செக்யூரிட்டி என்பது புதுக்கணக்கு. ஓடுகிறவர்களில் பலர் இப்போது தக்கோலத்து வளாகத்தில் பயிற்சி தரும் தொழிற் பாதுகாப்புப் படையைத்தான் குறிவைக்கிறார்கள். விமானத்துக்கு அடியில் வளர்ந்தவனுக்கு விமானத்தில் ஏறும் எண்ணமே வருவதில்லை. வாசலில் நிற்கும் வேலை கிடைத்தால் போதும் என்கிறான்.

அந்தத் தக்கோலத்துப் பயிற்சி மையத்துக்கு 2025-ல் ராஜாதித்த சோழன் பெயரைச் சூட்டினார்கள். பொருத்தமான பெயர்தான், கொஞ்சம் அபசகுனமானது என்றாலும். முதலாம் பராந்தகனின் மூத்த மகன் ராஜாதித்தன், கி.பி. 949-ல் இந்தத் தக்கோலத்தில்தான் ராஷ்டிரகூட மூன்றாம் கிருஷ்ணனின் படையோடு மோதி, யானை மேல் இருந்தபடியே உயிர்விட்டான். 'ஆனைமேல் துஞ்சினார்' என்று சோழச் சாசனங்கள் அவனைச் சொல்கின்றன. கிருஷ்ணன் 'கச்சியும் தஞ்சையும் கொண்ட' என்று பட்டம் போட்டுக்கொண்டான். கச்சி என்பது நம் காஞ்சிதான். தோற்ற போரின் இளவரசன் பெயரைப் பயிற்சிப் பள்ளிக்கு வைக்க ஒரு பெருந்தன்மை வேண்டும்.

தக்கோலப் போரின் மிக விசித்திரமான நினைவுச்சின்னம் இங்கே இல்லை, கர்நாடகத்தில் இருக்கிறது. ராஜாதித்தனைக் கொன்ற கங்க மன்னன் பூதுகனிடம் மணலேரன் என்று ஒரு வீரன். போரில் அவன் காட்டிய தீரத்துக்கு என்ன வேண்டும் என்று பூதுகன் கேட்க, அவன் கேட்டது காளி என்ற வேட்டை நாயை. அந்த நாய் பிறகு ஒரு காட்டுப்பன்றியோடு சண்டையிட்டு, இரண்டும் செத்தன. நாய்க்கு ஆதகூரில் நடுகல் எடுத்தார்கள். இன்று அது பெங்களூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தக்கோலப் போரைப் பற்றி நமக்கு வாய்த்த முக்கியமான சான்றுகளில் ஒன்று அந்த நாயின் கல்தான். எனக்கு அந்த நாய் மேல் வருத்தமில்லை. ஆனால் யானைகளும் குதிரைகளும் மிதித்த அந்தத் தக்கோலத்து நிலம் யாருடையது? அதை அடுத்த மழைக்கு யார் உழுதார்கள்? நாய்க்கு ஒரு கல் இருக்கும் வரலாற்றில் அவர்களுக்கு இல்லை.

இந்தச் சீமை முழுக்க இதே கதை. காஞ்சிக்கு வடக்கே புள்ளலூர். மகேந்திரவர்மப் பல்லவன் எதிரிகளை அழித்த இடம் என்று காசாக்குடிச் செப்பேடு சொல்கிறது. அதே புள்ளலூரில் 1780 செப்டம்பர் 10-ல் கர்னல் பெய்லியின் படையைத் திப்புவும் ஹைதரும் நொறுக்கினார்கள். சில மணி நேர நடை தூரத்தில் காஞ்சிபுரத்தில் பெரும்படையோடு இருந்த ஹெக்டர் மன்றோ உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை. பெரிய பீரங்கிகளைக் கோவில் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுக்குப் பின்வாங்கினார். ஸ்ரீரங்கப்பட்டணத்து தரியா தௌலத் மாளிகைச் சுவரில் அந்தப் போரை முழுநீளத்துக்குத் தீட்டிவைத்திருக்கிறார் திப்பு. புள்ளலூர் வயலில் ஆங்கில அதிகாரிகள் இருவரின் நினைவுத்தூண்கள் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் நிற்கின்றன. அதற்கு முன்பு, 1757-ல், கோவிலைப் பிடிக்க வந்து முடியாமல் போன பிரெஞ்சுக்காரர்கள் காஞ்சிபுரத்துக்குத் தீ வைத்தார்கள். அப்போது எத்தனை தறி எரிந்தது என்று எந்தத் தூணிலும் இல்லை. படைகளுக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்கள் அந்தந்தக் காலத்துக் கணக்கில் வரவேயில்லை.

வராமலேயே போனார்கள் என்றும் சொல்ல முடியாது. இதே வட்டாரத்தில் அதற்கு எதிரான சாட்சி உண்டு. அரக்கோணத்திலிருந்து சென்னைப் பக்கம் போனால் திருவாலங்காடு. அங்கே 1905-ல் கிடைத்த முதலாம் ராஜேந்திரனின் செப்பேடு முப்பத்தொரு ஏடு. பழையனூர் என்ற ஒரே ஊரைக் கோவிலுக்குக் கொடுக்க அவ்வளவு செம்பு. புகழ்ச்சியைத் தாண்டி உள்ளே போனால், பெண் யானை ஒன்றை நடக்கவிட்டு அது சுற்றிவந்த வழியே எல்லை குறித்து, கல்லும் கள்ளியும் நட்ட செய்தி வருகிறது. எந்த ஏரி, எந்த வாய்க்கால், எந்த ஊரின் எல்லை என்று அடி அடியாகச் சொல்லிக்கொண்டே போகிறார்கள். உடும்பு ஓடும் இடமும் ஆமை தவழும் இடமும்கூட விடாமல் எழுதுவது அந்தக் காலத்துச் சாசன வழக்கம். அரசன் நிலத்தைத்தான் கை மாற்றினான், மறுக்கவில்லை. குடிகளைக் கேட்டு மாற்றினான் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆனால் மாற்றுவது என்ன என்பதையாவது எழுதிவைத்தான். 1942-க்கு அந்தப் பொறுமை இல்லை.

2022 ஆகஸ்டில் சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்குக் காஞ்சிபுரம் பக்கத்துப் பரந்தூரைத் தேர்ந்தெடுத்ததாக அறிவித்தார்கள். பதிமூன்று கிராமம், ஐயாயிரம் ஏக்கருக்கு மேல். நடுவில் ஏகனாபுரம். பல்லவ அரசன் கம்பவர்மன் பெயரோடு சொல்லப்படும் கம்பன் கால்வாய் அந்த நிலத்தின் வழியே ஓடிப் பல ஏரிகளை நிரப்புகிறது. அன்று தொடங்கி ஏகனாபுரத்துக்காரர்கள் வேலை முடிந்து வந்து மாலையில் உட்கார்ந்து போராடினார்கள். அது ஆயிரம் நாளைத் தாண்டியது. கிராம சபை கூடும்போதெல்லாம் திட்டம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டார்கள். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குச்சாவடிக்கே போகாமல் இருந்தார்கள். 2025 ஏப்ரலில் ஒன்றிய அரசு கொள்கை அளவிலான ஒப்புதலைக் கொடுத்துவிட்டது.

அரக்கோணத்து ராஜாளிக்குக் கொஞ்ச தூரத்தில் இன்னொரு ஓடுபாதை. எங்கள் டீக்கடையில் அது பேச்சாவது மனை விலைக்காகத்தான். எனக்கு அந்த ஊர்களைப் பார்த்தபோது வேறு ஒரு எண்ணம்: ஒரு ஓடுபாதைக்கு அடியில் போகும் முன் நிலம் எப்படி இருக்கும் என்பதை நாங்கள் பார்த்ததே இல்லை. இப்போது கண்ணெதிரே இருக்கிறது. இந்த ஏரி, இந்தக் களத்துமேடு, இந்த வேப்பமரம். நிலம் எடுக்கும் அறிவிப்புகள் நாளிதழ்களில் வந்தன. சர்வே எண், பரப்பு, உரியவர் பெயர், நான்கு எல்லை என்று பொடி எழுத்தில் பக்கத்தை அடைத்துக்கொண்டு. திருவாலங்காட்டு ஏடுகளுக்குப் பிறகு இந்தச் சீமையில் வந்த நீளமான எல்லைச் சாசனம் அதுவாகத்தான் இருக்கும். என்ன, யானைக்குப் பதில் டிஜிட்டல் சர்வே.

ஏகனாபுரத்தில் ஒரு பெரியவரிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். விமான நிலையம் வந்தே தீரும் என்று ஆகிவிட்டால், அந்தப் பெயர்களையும் சர்வே எண்களையும் ஒன்றுவிடாமல் கல்லில் வெட்டி வாசலில் வைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும், அரக்கோணத்தில் ஆனதுபோல ஆகிவிடக் கூடாது என்றேன். பேசும்போதே எனக்கு அது பெரிய யோசனையாகப் பட்டது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"செத்தவங்களுக்குத்தான் சாமி கல்லு நடுவாங்க. நாங்க இருக்கறோம் இல்ல?" என்றார். பிறகு, ஏரி மதகில் பலகை பழுதாகிக் கிடக்கிறது, எடுக்கப் போகிற நிலம்தானே என்று யாரும் சரிசெய்ய வருவதில்லை, நீங்கள் பத்திரிகையில் எழுதுகிறவர்தானே, முதலில் அதை எழுதுங்கள் என்று சொல்லிவிட்டு மதகைக் காட்ட முன்னால் நடந்தார்.